இப்போது யாரும் அதிகம் வாங்காத, நீங்கள் மட்டும் விடாமல் வாங்கும் மளிகைப் பொருள் எது?

கட்டிப் பெருங்காயம். பொடி இல்லை, கட்டி.

கேட்டவர் வீட்டில் யாரிடமோ "இதை ஏன் இன்னும் வாங்குகிறாய்" என்று பேச்சு வாங்கியிருப்பார் போல. நானும் வாங்கியவள்தான்.

அம்மா 100 கிராம் கட்டியாக வாங்குவார். தாளைப் பிரித்தால் கருப்பும் பழுப்புமாக, பழம்புளி உருண்டை மாதிரி விரலில் ஒட்டும். புதுக்கட்டி இளகலாக இருக்கும்போதே கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு மிளகு மிளகாகக் கிள்ளி, தட்டில் காயவைத்து, டப்பாவில் போட்டுவிடுவார். சாம்பாருக்கு எண்ணெய் காய்ந்ததும் அதில் ஒன்றைப் போட்டால் உப்பிப் பொரியும், கரண்டியின் அடியால் ஓர் அழுத்து அழுத்தினால் பொடிப்பொடியாகிவிடும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கு என்ன சமையல் என்று தெரிந்துவிடும். ரசத்துக்கு மட்டும் பொரிக்கமாட்டார். ஊறவைத்த பெருங்காயத் தண்ணீர்தான்.

உடனே ஒருவர் வந்து "கட்டியும் கலப்படம்தான்" என்று எழுதுவார். தெரியும். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால் அப்படியே சமையலுக்குத் தாங்காது, அவ்வளவு காரம், அதனால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். நம் நாட்டில் முதல் கன்றே 2020இல்தான் இமாச்சலத்தில் நட்டார்கள். ஆக, பழசெல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவே இல்லை. பொடி டப்பா திறந்த பத்து நாளில் மாவு வாசனை வருகிறது, கட்டி வருஷம் ஆனாலும் மணக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கிள்ளி வைக்காமல் விட்டால் கல்லாகிவிடும். எனக்கு அதுதான் ஆனது. ஊரில் என்றால் அம்மியில் வைத்து ஒரு தட்டு. சென்னை வாடகை ஃப்ளாட்டில் அம்மிக்கு எங்கே போக? துணியில் சுற்றி சமையலறைத் தரையில் வைத்து சுத்தியலால் ஒரு போடு போட்டேன். பெருங்காயம் அப்படியே இருந்தது, டைல்ஸ் விரிந்துவிட்டது. "பொடி டப்பான்னா ஒரு தட்டு, விழுந்திருக்கும்மா" என்றாள் மகள்.

காலி பண்ணும்போது அந்த ஒரு டைல்ஸுக்கு ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் 2,000 ரூபாய் பிடித்தார். சரி, உடைத்தது நான்தான். ஆனால் பெயின்டிங் என்று தனியாக ஒரு மாத வாடகை எதற்கு? வாங்கியதே பத்து மாத அட்வான்ஸ். 2017இல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது, ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் செல்லும் என்று அதிலேயே ஓர் ஓட்டை. வீடு கிடைக்காத அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் யார் இருப்பார்கள்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும், வயிற்றெரிச்சல்.

இப்போது பாக்குவெட்டியால் நறுக்குகிறேன், சுலபமாக இருக்கிறது. அதையும் இப்போது யாரும் வாங்குவதில்லை போலிருக்கிறது, மூன்று பாத்திரக்கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது.