செயலியை நீக்கினால் எது போகும், எது தங்கும்?

கேள்வி: மேலூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டதாக ஓயாமல் அறிவிப்பு வந்ததால், மகன் சொன்னபடி பத்துப் பன்னிரண்டு செயலிகளை நீக்கினேன். அவற்றுள் பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றுக்கு மட்டும் இன்னமும் மாதாமாதம் வங்கியிலிருந்து பணம் போகிறது. வேறு சிலவற்றில் ‘முடக்கு’ என்றுதான் வருகிறது. கடைப் பற்று எழுதும் செயலியையும் பணம் அனுப்பும் செயலியையும் நீக்கலாமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: பற்றுச் செயலியில் கை வைப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவே நல்லதாயிற்று. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் மற்றவை நுழைய முடியாத தனி இடம் ஒன்றை ஒதுக்கித் தருகிறது. செயலியை நீக்கும்போது அந்த இடத்தில் இருக்கும் அமைப்புகளும், தற்காலிகக் கோப்புகளும், நீங்கள் எழுதிவைத்த கணக்குகளும் சேர்ந்தே அழிகின்றன. மீட்டெடுக்க அங்கே குப்பைத் தொட்டி எதுவும் இல்லை.

உங்கள் பற்றுச் செயலி கைப்பேசி எண்ணைப் பெற்றுக்கொண்டு, கணக்கைத் தன் நிறுவனத்தின் சர்வரிலும் (இணையம் வழி இயங்கும் அவர்களது கணினியிலும்) சேமிப்பதாக இருந்தால், மறுபடி நிறுவி அதே எண்ணில் நுழைந்ததும் எல்லாம் திரும்பிவிடும். எண்ணே கேட்காத செயலி என்றால் கணக்கு கைப்பேசியில் மட்டுமே இருக்க வாய்ப்பு அதிகம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செயலிக்கு 25 எம்பி வரை கூகுள் கணக்கில் தானாக நகலெடுக்கும் வசதி உண்டு. ஆனால் செயலியை உருவாக்கியவர் அதை நிறுத்திவைத்திருக்கலாம் என்பதால், ஊராரின் பற்றை அதை நம்பி விடுவது சரியல்ல. முதலில் பிடிஎஃப் கோப்பாக எடுத்து மகனுக்கு அனுப்பிவிடுங்கள். கேமராவில் எடுத்த படங்களும், பதிவிறக்கக் கோப்புறையில் இருப்பவையும் பொது இடத்தில் இருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை.

இனி, பணம் போவது. வாடிக்கையாளர் கடை மாறிவிட்டதாலேயே உங்கள் பற்று நோட்டிலிருந்து அவர் பெயர் அழிந்துவிடுமா? சந்தாவும் அப்படித்தான். செயலி உங்கள் கைப்பேசியிலிருந்து போயிருக்கிறதே தவிர, கட்டணம் எடுக்க நீங்கள் கொடுத்த ஒப்புதல் அப்படியே இருக்கிறது. பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால், அதில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் உள்ள பகுதிக்குச் சென்று இரத்து செய்யுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள ஒப்புதல் தரும் யுபிஐ ஆட்டோபே வழியாக என்றால், பணம் அனுப்பும் செயலியிலேயே அதை நிறுத்தலாம். ஆகவே அந்தச் செயலியை அதுவரையாவது விட்டுவையுங்கள். பிறகு நீக்கினாலும் உங்கள் பணம் வங்கியில்தான் இருக்கிறது, ஒரு ரூபாய்கூடக் குறையாது.

செயலிகளில் நுழைய நீங்கள் தொடங்கிய பயனர் கணக்குகளுக்கும் இதுவே பொருந்தும். கணக்குத் தொடங்கச் செய்யும் செயலிகள் அதை அழிக்கவும் வழி தரவேண்டும் என்று 2023இல் கூகுள் பிளே விதி கொண்டுவந்தது. அந்த வழியைப் பயன்படுத்திய பிறகு செயலியை நீக்குவதே முறையான வரிசை. கடன் தரும் செயலி எதையாவது நிறுவித் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதித்திருந்தால், நீக்கியதும் அனுமதி போய்விடும், ஏற்கெனவே எடுத்துச் சென்ற எண்கள் திரும்பி வரமாட்டா.

‘முடக்கு’ என்று வருபவை கைப்பேசியோடு வந்தவை. அவை மாற்ற இயலாத பகுதியில் இருப்பதால், புதுப்பிப்புகளை நீக்கினால் அந்த அளவுக்குத்தான் இடம் கிடைக்கும்.

இடத்துக்காகத்தான் இத்தனையும் என்றால், அமைப்புகளில் சேமிப்பகப் பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள். பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருப்பவை செயலிகள் அல்ல. அழகர் ஆற்றில் இறங்கிய காட்சியை உறவினர்கள் ஆளுக்கொரு கோணத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளிகள்தாம்.