1967 கார்வெட்டும் ஷோ புள்ளிகளும்: கேட்டவர்களுக்குப் பதில்

இல்லினாயில் என் ஷெட்டில் நிற்கும் 1967 கார்வெட் கூப்பே (செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார்), பெயிண்ட் முதல் சீட் வரை ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. அதைப் பழைய கார் ஷோக்களுக்குக் கொண்டுபோவதாலும், சில ஷோக்களில் நடுவர்களுக்குப் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்திருப்பதாலும் வந்த கேள்விகள் இவை.

டல்லாஸ் நண்பர்: அண்ணா, என்னுடையது 1966 கார்வெட். முதல் பெயிண்ட்தான், ஆனால் மங்கிவிட்டது, கதவோரத்தில் உதிர்ந்திருக்கிறது. ஷோவுக்கு முன் புதுசாக அடித்துவிடட்டுமா?

வேண்டாம் தம்பி. பெயிண்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், முதல் பெயிண்ட் ஒரு தடவைதான் கிடைக்கும். அது அக்ரிலிக் லாக்கர். மேலே கிளியர் கோட் (நிறமில்லாத காப்புப் பூச்சு) கிடையாது, அதனால் துடைக்கும் துணியில் கலர் ஒட்டும். பயப்படாதீர்கள், அது அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு துடைப்பிலும் கொஞ்சம் பெயிண்ட் போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். மெஷின் பாலிஷ் வேண்டாம். கையால், மென்மையான பாலிஷால், வருடத்துக்கு ஒருமுறை போதும். உதிர்ந்த இடத்தை அப்படியே விடுங்கள்.

சான் ஹோசேயிலிருந்து: நடுவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

அழகை இல்லை. கார்வெட்காரர்களின் பெரிய சங்கமான என்சிஆர்எஸ் (1974-ல் தொடங்கியது) மொத்தம் 4,500 புள்ளி வைத்திருக்கிறது. இயங்குவது, உள்பக்கம், வெளிப்பக்கம், எஞ்சின் பகுதி, சேஸி (அடிச்சட்டம்) என்று ஐந்து பிரிவு. 94 சதவீதம் வந்தால் டாப் ஃப்ளைட் என்ற விருது. அளவுகோல் ஒன்றுதான்: கார்வெட் கட்டிய செயின்ட் லூயிஸ் ஆலையை விட்டு வெளியே வந்த அன்று இந்த வண்டி எப்படி இருந்திருக்கும்? அந்த ஆலை பெயிண்ட் ஒன்றும் கண்ணாடி மாதிரி இருக்காது. ஃபைபர் பாடியின் இணைப்புக் கோடுகூடச் சில இடங்களில் தெரியும். கண் கூசும் அளவுக்குப் பளபளத்த ஒரு வண்டி, அந்தப் பளபளப்புக்காகவே புள்ளி இழந்ததை நேரில் பார்த்தேன். உரிமையாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பாவம்.

அடுத்த கேள்வி: எஞ்சின் ஒரிஜினல்தான் என்று எப்படி நிரூபிப்பது?

எஞ்சின் பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பு உடல்) பின்பக்கம் வார்ப்புத் தேதி இருக்கும். ‘பி 12 7’ என்றால் 1967 பிப்ரவரி 12. ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, அப்படியே போகும். எஞ்சின் வார்த்த தேதி வண்டி கட்டிய தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும், ரொம்ப முன்னாலும் இருக்கக் கூடாது. முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு அருகில் ஒரு சின்னத் தட்டையான இடத்தில் எண்கள் குத்தியிருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். எண்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய மெஷின் கோடுகளும் சாட்சிதான். அவை அழிந்திருந்தால் பிளாக்கைத் தேய்த்து எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நடுவர் சந்தேகப்படுவார்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு தங்கை: அடிப்பக்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பிரஷர் வாஷர் போடலாமா அண்ணா?

கையில்கூட எடுக்காதேம்மா! ஆலையில் வேலை செய்தவர்கள் ‘இதை முடுக்கிவிட்டேன், சரி பார்த்துவிட்டேன்’ என்பதற்கு அடையாளமாகச் சேஸியில் சாக்பீஸால் கிறுக்கியிருப்பார்கள், பெயிண்டால் ஒரு தீற்று வைத்திருப்பார்கள். அந்தப் பிசுக்குதான் இத்தனை வருடம் அதைக் காப்பாற்றியிருக்கிறது. நான் இதைக் கற்றுக்கொண்டது காசு கொடுக்காமல், ஆனால் விலை கொடுத்து. வாங்கிய புதிதில், ஒரு சனிக்கிழமை மதியம், மினரல் ஸ்பிரிட்டில் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்) துணியை நனைத்து, பின் டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு நடுவிலிருக்கும் கியர் பெட்டி) துடைத்தேன். துணியில் நீல நிறம் வந்தது. ‘என்னடா இது, அழுக்கு நீலமாகவா இருக்கும்?’ என்று இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். அது ஆலையில் வைத்த நீலத் தீற்று. இப்போது இல்லை. அதே மாதிரி ஒன்றை நானே வைக்கலாம், யாருக்கும் தெரியாது. வைக்கவில்லை.

அதனால் முதலில் எல்லாவற்றையும் படம் எடு. அப்புறம் மென்மையான பிரஷ், வேக்யூம். அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர், அதுவும் உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்துவிட்டு. ஏதாவது கோடு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடு.

பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் வாங்கினேன். என் வண்டியில் எதுவுமே காட்டவில்லை?

காந்த மீட்டராக இருக்கும். அதற்கு அடியில் இரும்பு வேண்டும், உங்கள் பாடி ஃபைபர். அல்ட்ராசோனிக் மீட்டர் வேறு, விலையும் வேறு.

டயர்?

ஷோவுக்கு, பயஸ் பிளை என்ற பழைய வகை மாதிரியில் புதிதாகச் செய்தது. ரோட்டுக்கு இந்தக் கால ரேடியல் டயர். பழைய ஒரிஜினல் டயரில் ஹைவே ஏறாதீர்கள்.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: எங்கள் வீட்டில் மாமனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கம்மா, உறவு இருக்கிறது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் சேஸியைச் சுருக்கித்தான் 1962-ல் வந்தது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. உங்களுடையது இரும்பு பாடி, சென்னைக் காற்று வேறு, ஆகவே முதல் எதிரி துரு. பாலிஷுக்கு முன்னால் சேஸியையும் கதவுகளின் அடி விளிம்பையும் பாருங்கள். பழைய பில், ஆர்.சி. புத்தகம், மாமனார் வண்டியோடு நிற்கும் படம், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள்.

ஷோ அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

முந்தின நாளே ஹாரன், வைப்பர், ரேடியோ, சுழலும் ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கடிகாரத்தை மறக்காதீர்கள். 67-ல் அது கரண்டில் தானே முறுக்கிக்கொள்ளும் கடிகாரம், உள்ளே கரண்ட் தொடும் பாயிண்ட் கருகி நின்றுவிடும், எல்லோரும் அங்கேதான் புள்ளி விடுவார்கள். தீயணைப்பான் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். நடுவர் குனிந்து பார்க்கும்போது கூடவே குனிந்து விளக்கம் சொல்லாதீர்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். டிஃபரன்ஷியலில் நீலத் தீற்று எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். நான்தான் துடைத்தேன் என்றேன். புள்ளியைக் குறைத்துக்கொண்டார்கள்.