காணியை விற்க முதல் சின்ன மகளைச் சோதியுங்கள்

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூத்த மகனுக்கு 9 வயது, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். மாதா மாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். "இந்தியாவில் மரபணுவைத் திருத்தும் ஊசி வந்துவிட்டது, 45 இலட்சம் கட்டினால் இனி ரத்தமே தேவையில்லை" என்கிறாராம் ஒரு ஏஜென்ட். சின்ன மகள் நோய்க்காவி (நோய் இல்லை, பழுதான மரபணுவைச் சுமப்பவள்) என்பதால், ரத்தம் ஊறும் அவளுடைய எலும்பு மச்சையை அண்ணனுக்கு மாற்றச் சரிவராது என்றும் அவரே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். சீதனமாக வந்த வயலை விற்கலாமா என்பதுதான் கேள்வி.

விற்காதீர்கள். இப்போதைக்கு ஒரு பேர்ச் கூட வேண்டாம்.

ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் என்றால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். பாதி உண்மை என்பதால்தான் பயம். கிறிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தும் 'காஸ்ஜெவி' என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. தலசீமியாவுக்கு 2024 ஜனவரியில் அமெரிக்காவும் கொடுத்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வேறொரு வகை ஹீமோகுளோபின் சுரக்கும். பிறந்த பிறகு, சாகாமக் குளத்துத் துரிசை அடைப்பதுபோல, உடம்பு அதை அடைத்துவிடும். அந்த அடைப்பைத் திறந்துவிடுவதுதான் இந்தச் சிகிச்சை. ரத்தம் ஏற்றுவதை நிறுத்தியவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் அந்த அனுமதிகள் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டன. அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர், நம் காசில் 60 கோடிக்கு மேல். 45 இலட்சத்துக்கு அதை யார் தரப்போகிறார்கள்? அது ஊசியும் அல்ல. பிள்ளையின் ரத்தத்தை உண்டாக்கும் குருத்துக் கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் திருத்தி, பிறகு கடுமையான மருந்து கொடுத்துப் பழைய மச்சையை அழித்துவிட்டுத்தான் திருப்பி ஏற்றுவார்கள். வாரக்கணக்கில் வார்டில் கிடக்க வேண்டும். "ஒரே ஊசி, மறுநாள் வீட்டுக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இனி மகளின் விஷயம். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய்க்காவியாக இருப்பது மச்சை கொடுக்கத் தடையே இல்லை. தலசீமியா நோயே உள்ள பிள்ளைதான் கொடுக்க முடியாது. பழுதான மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மச்சை பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமில்லை. காவியோ இல்லையோ, கூடப்பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருந்தினால் மகனுக்கும் தங்கச்சியின் ரத்தம்தான் ஊறும். அதாவது அவனும் ஒரு காவியைப் போல இருப்பான்: ஹீமோகுளோபின் கொஞ்சம் குறையும், ரத்தம் ஏற்றத் தேவையில்லை. தங்கச்சிக்குக் குறைந்து போகும் மச்சை திரும்ப ஊறிவிடும்.

தாய் தகப்பன் பொதுவாகப் பாதிதான் பொருந்துவார்கள். அது வேறு கதை.

எச்.எல்.ஏ. பரிசோதனையை நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த மாற்றுச் சேவையில் செய்கிறார்கள். கிளினிக் வைத்தியர் எழுதித் தர வேண்டும். கேட்காமல் எழுதித் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்த நாட்டில் ரத்தம் இலவசம், இரும்புச்சத்தைக் குறைக்கும் மருந்தும் இலவசம். ஐந்து நிமிடம் இருந்து தமிழில் விளக்கிச் சொல்ல மட்டும் ஆளில்லை. அந்த வெற்றுக் கதிரையில்தான் ஏஜென்ட் வந்து உட்காருகிறார்.

மகள் பொருந்தினால் இந்தியா போவதைப் பற்றிப் பேசலாம், ஏஜென்ட் இல்லாமல். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டில் இருந்து நீங்களே நேரடியாக எழுதலாம். செலவு மதிப்பீட்டை மருத்துவமனையின் கடிதத் தலைப்பில் கேளுங்கள். மச்சை கொடுப்பது யார், எத்தனை நாள் தங்க வேண்டும், ஆபத்து எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆபத்து பற்றி ஒரு வரியும் இல்லாத கடிதத்தை நான் நம்ப மாட்டேன், மச்சை மாற்றத்தில் பிள்ளைகள் இறப்பதும் உண்டு. பணத்தை மருத்துவமனைக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஆளாளுக்குக் கமிஷன் ஓடும் தொழில் இது.

அதுவரைக்கும் இரும்பு குறைக்கும் மருந்தை ஒரு நாளும் தவறவிட வேண்டாம். ரத்தத்தோடு சேரும் இரும்பு ஈரலில் படிந்து அதைத் தழும்பாக்கிவிட்டால், தங்கச்சி முழுக்கப் பொருந்தினாலும் மாற்றுச் சிகிச்சையின் ஆபத்து கூடிவிடும். காணியை விற்று வரும் காசு அந்த ஈரலைத் திருப்பித் தராது. உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, அவசரமில்லை, ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள்: மச்சை மாறினாலும் மகனின் விந்தணுவில் பழைய மரபணுதான் இருக்கும். நாளைக்கு மச்சாளையோ வெளியிலோ கலியாணம் பேசும்போது பெண்ணும் காவியா என்று ரத்தத்தைச் சோதித்தே ஆக வேண்டும்.

ஏஜென்டிடம் ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள்.