பெண் பிள்ளைகளுக்குப் பாதி எடையா?

தலைவரே, வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பசங்களுக்கு ஜம்ப் ஸ்குவாட்டில் (எடையோடு குந்தி, எகிறிக் குதிப்பது) 40 கிலோ, பெண் பிள்ளைகளுக்கு அதில் பாதி என்று வைத்தும் யாருக்கும் குதிக்கும் உயரம் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆண், பெண் என்று பிரிப்பதை விடுங்கள். அவரவர் ஸ்குவாட்டில் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை எவ்வளவோ, அதில் சதவீதம்தான் கணக்கு, அது இரு பாலருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜம்ப் ஸ்குவாட்டுக்கு வெறும் உடம்பில் தொடங்கி 30 சதவீதம் வரை போதும். பவர் க்ளீன் (தரையிலிருந்து எடையை ஒரே வேகத்தில் தோள் வரை தூக்குவது) என்றால் அதன் உச்ச எடையில் 70, 80 சதவீதம் வரை போகலாம், டெக்னிக் சரியாக வந்த பிறகு. செட்டுக்கு 3 முதல் 5 தடவை, வேகம் குறைந்ததும் நிறுத்திவிட்டு 2, 3 நிமிடம் ஓய்வு. வேர்த்துக் கொட்டினால்தான் பயிற்சி என்று நம்ம ஏரியா ஜிம்மில் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். அப்புறம், தன் உடல் எடை அளவுக்குக்கூட ஸ்குவாட் போட முடியாத பிள்ளைக்கு, பையனோ பெண்ணோ, முதலில் சில மாதம் சாதாரண ஸ்குவாட்டில் பலம் ஏற்றுங்கள்.