குளிர்காலம் முடிகிறது என்பது உங்கள் ஊரில் எப்படித் தெரியும்?

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். பெரியப்பாவுக்கு ஏற்காட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாளாவது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிற பிழைப்பு. அதனால் எனக்குக் குளிர்காலம் இரண்டு தடவை முடியும்.

கீழே தை பாதியிலேயே மாமரம் பூத்துவிடும். அடியில் நின்றால் தத்துப்பூச்சி முகத்தில் பொரி மாதிரி வந்து தெறிக்கும். மறந்துபோய் அங்கே பைக்கை நிறுத்தினால் காலையில் சீட்டெல்லாம் பிசுபிசுப்பு. ஆறு மணிக்கு ஸ்வெட்டர், பத்து மணிக்கு வியர்வை. கீழே அவ்வளவுதான்.

மேலே மாசி ஆகும். கல்யாண முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாக நிற்கும், மைனாக்கள் அதில் சண்டை போடும். காப்பிப் பழம் பறித்து முடிந்து கடைசியாகப் பறித்தது களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். அதே செடியில் இலைக்கணு ஒவ்வொன்றிலும் அடுத்த விளைச்சலுக்கான மொட்டு, அரிசி அரிசியாக, மழைக்குக் காத்திருக்கும். ஒரு அங்குலமாவது பெய்ய வேண்டும். பெய்தால் எட்டுப் பத்து நாளில் சரிவு முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளை, மல்லிகை வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். வெறும் தூறலோடு நின்றுவிட்டால் மொட்டு பாதியில் கருகும். மொட்டை விரிய வைக்கிற அந்த மழையைத்தான் பூ மழை என்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், செடிக்கு வேண்டிய மழை களத்துக்கு ஆகாது. பெரியப்பா களத்தில் நின்றால் வானத்தைத் திட்டுவார், தோட்டத்துக்குள் போனால் கும்பிடுவார்.

போன மாசியில் ஒரு சாயந்திரம் பெரியம்மா, "ஏங்க, வந்துருச்சு!" என்று கத்தினார். தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினோம். அதற்குள் பாதிக் களம் நனைந்துவிட்டது. அந்தக் காப்பியை வாங்க வந்த வியாபாரி ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார், விலையைக் குறைத்தார். பெரியப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவரே போன் போட்டார். "டேய், கிளம்பி வாடா, பூத்துருச்சு." களத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது செடிகளுக்கு நடுவில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தேனீ இரைச்சலில் எனக்குப் பாதிதான் கேட்டது.