பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் யாழ்ப்பாணத்தில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகலாமா?

யாழ்ப்பாணத்தில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஈரநில நாள் நிகழ்ச்சிகளில் எதுவும் தெரியாத ஒருவர் சேரலாமா, சேர்ந்து என்ன பிரயோசனம், சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். முதல்முறை போனபோது எனக்குக் கொக்கையும் நீர்க்காகத்தையும் தவிர வேறொன்றும் தெரியாது. இத்தனைக்கும் கடல்நீரேரியைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் வருடக்கணக்காக வேலைக்குப் போய் வந்தவன். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் தந்து, "நீங்கள் எழுதுங்கோ, நாங்கள் எண்ணுறம்" என்றார்கள். ஒருவர் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ண, இன்னொருவர் எழுத வேண்டும். எழுத ஆள் இல்லாவிட்டால் அவர் குனிந்து எழுதி நிமிர்வதற்குள் கூட்டம் இடம் மாறிவிடும். அதனால் புதியவருக்கும் அங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் நடக்கிறது. இலங்கையிலும் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து இதைச் செய்கிறார்கள். ஜனவரியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கேயிருந்து வரத் தொடங்கும் பறவைகள் தை மாதத்தில் ஓரிடத்தில் ஆறுதலாக இருக்கும். பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவைத் தாண்டி வருகிறவற்றுக்குப் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் முதலில் கால் வைக்கக் கிடைக்கும் நிலங்களில் எங்கள் தரவைகளும் (மாரியில் நீர் நிற்கும் வெட்டவெளிகள்) சேர்த்தி.

நான் முதலில் போனது தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காட்டுப் பக்கம். விடிய ஆறு மணி, பனி விலகவில்லை. தண்ணீர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். அவ்வளவும் ஊசிவால் வாத்துகள் என்று சொன்னார்கள். வெளிச்சம் வரவர ஆணின் மண்ணிறத் தலையும் கழுத்தோரம் ஏறும் வெள்ளைக் கோடும் தெரிந்தன. ஆனால் அவை சும்மா நிற்பதில்லை. தலையை நீருக்குள் விட்டு வாலை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மேயும். வாலை எண்ணுவதா, தலையை எண்ணுவதா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. முதலில் பத்துப் பறவையை ஒழுங்காக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவை வைத்துக் கூட்டம் முழுக்கப் பத்துப் பத்தாக, பெருங்கூட்டமென்றால் நூறு நூறாக அளந்துகொண்டு போவது. சந்தையில் மாங்காய்க் குவியலைக் கண்ணால் மதிக்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அன்றைக்குத்தான் ஒரு பிழையும் நடந்தது. எங்களோடு வந்த ஒருவர், நல்ல கமெராக்காரர், தூரத்தில் நின்ற பூநாரைக் கூட்டத்தைக் கிட்டப்போய் எடுக்கிறேன் என்று சேற்றுக்குள் இறங்கினார். நானும் பின்னால் போனேன். என் செருப்பு ஒன்று சேற்றோடு போனதுதான் மிச்சம். மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்துவிட்டது. பறக்கும்போது செட்டையின் செம்மையும் கறுப்பும் விரிந்த அழகைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு வாத்துகளும் கிளம்ப, அதுவரை எண்ணியதெல்லாம் குழம்பிப்போனது. தலையைக் கவிழ்த்துச் சொண்டால் சேற்றுநீரை அரித்துத் தின்னும் பறவை பூநாரை. வயிறு நிறைய மணிக்கணக்கில் மேய வேண்டும். அதைச் சும்மா எழுப்பிவிடுவது சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஆளை எழுப்புகிற மாதிரி.

கரையில் வீச்சுவலையை உதறிக்கொண்டு நின்ற ஐயா ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, பூநாரை நிக்கிற இடத்தில வள்ளம் தரை தட்டும். அதைப் பாத்துத்தான் நாங்கள் வழி விடுறது." பிறகு மீன்பிடிக்கும் ஆலாப் பறவை எந்தப் பக்கம் தண்ணீரில் குத்துகிறதோ அந்தப் பக்கம் சின்னமீன் ஓடும் என்றும் சொன்னார். போகும் இடத்தில் இப்படி ஒருவர் நின்றால் கட்டாயம் நின்று கதையுங்கள்.

ஈரநில நாள் பெப்ரவரி 2. 1971 இல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநில ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. அன்றைக்குக் கரை துப்புரவு, கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரம்) நடுகை என்று பல நடக்கும். துப்புரவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் (பதாகை பிடித்துப் படமெடுத்ததும் மறையும் கூட்டத்தோடு போகாதீர்கள், அவ்வளவுதான்). கண்டல் நடுகையில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. வெறும் சேற்றுத் தரை என்று நாம் நினைக்கும் இடம் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளுக்குச் சாப்பாட்டு மேசை. அங்கே கன்று நட்டால் பறவைக்கும் இடம் போகும், கன்றும் பெரும்பாலும் பிழைக்காது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வந்த ஒரு கட்டுரையில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்று இருந்தது. பொருத்தமில்லாத இடத்தில் நட்டதும், நட்டபின் யாரும் திரும்பிப் பாராததும்தான் பெரும்பாலும் காரணம். ஆகவே கூப்பிடுகிறவர்களிடம் "எங்கே நடுகிறீர்கள், முன்பு அங்கே கண்டல் நின்றதா, அடுத்த வருடம் யார் பார்ப்பது?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

யாழ்ப்பாணத்துக்குத் தென்கிழக்கே உள்ள சுண்டிக்குளம் வேறு கதை. 1938 இல் பறவைச் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவானது. இரணைமடுக் குளத்தைத் தாண்டி வரும் கனகராயன் ஆறு கலக்கும் நீரேரி அது. மாரியில் கடல் மாதிரி விரியும். கோடையில் உப்புப் பூத்து வெள்ளையாக வெடித்துக் கிடக்கும். தேசிய பூங்கா என்பதால் அனுமதி எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். எல்லை எங்கே முடிகிறது என்பதில் அங்குள்ள மீனவக் குடும்பங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் முற்றத்தில் போய் நின்று காட்டைக் காப்பது பற்றிப் பாடம் எடுக்காதீர்கள்.

சரி, பிள்ளைகள் விஷயம். சுண்டிக்குளம் தூரம், வெயில், நிழலும் குறைவு. முதல்தடவைக்குப் பொன்னாலையிலிருந்து காரைநகர் போகும் பாலத்தடி போதும். வீதிக்கு இரு பக்கமும் தண்ணீர், இறங்கவே தேவையில்லை. வாகனம் வேகமாக வரும் வீதி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் முதுகுப் பக்கம் விழும் கரையைப் பார்த்து நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். சிவப்புக் கால் நீண்ட நெடுங்கால் உள்ளானைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு மணித்தியாலத்தில் பசிக்குது என்பார்கள், பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். சுற்றிய தாளைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.