மந்தமான நேரத்தில் சொந்தத் தொழில் தொடங்கலாமா?

கேள்வி: வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. சின்னதாகத் துணிக்கடையோ டிபன் கடையோ போடலாம் என்று எண்ணம். இப்போதே தொடங்கலாமா, நிலைமை சரியாகும்வரை பொறுக்கலாமா?

தொடங்கலாம். ஆனால் போட்ட பணம் வாரா வாரம், அதிகம் போனால் 15 நாளில், கைக்குத் திரும்புகிற தொழிலாகப் பார்த்துத் தொடங்குங்கள். லாபம் எவ்வளவு என்பதை அதற்கு அடுத்தபடியாக யோசியுங்கள். மந்தமான காலத்தில் எங்கள் ஊரில் எத்தனையோ சின்ன யூனிட்டுகள் மூடப்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சரக்கு விற்காமல் மூடியவர்களைவிட, விற்ற சரக்குக்குப் பணம் வராமல் மூடியவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

நான் திருப்பூர்க்காரன். ஓர் ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரிடம் ஆர்டர் பேசி அது முடிகிறவரை பார்த்துக்கொள்கிறவனாக, இருந்தேன். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் வெளிநாட்டு பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், சிலர் ரத்தே செய்துவிட்டார்கள். முதலில் பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. அந்த வருடக் கடைசியில், குழந்தைகளுக்கான டி-ஷர்ட் தைக்கிற சின்ன யூனிட் ஒன்றைப் போட்டேன். இன்றும் ஓடுகிறது.

பொறுத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவரை பொறுப்பது? எங்கள் ஊரையே பாருங்கள். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2020இல் கொரோனா. 2022 மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை மாதா மாதம் ஏறி, ஊரே வேலைநிறுத்தம் செய்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டது. இதற்கு நடுவே நல்ல காலம் என்று தனியாக ஒன்றைத் தேடிப் பிடித்துத் தொழில் தொடங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது.

மந்த காலத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. தொழில் தொடங்கத் தேவையான பல பொருட்கள் மலிவாகக் கிடைக்கும். நான் தொடங்கியபோது பழைய பவர் டேபிள், ஓவர்லாக், ஃப்ளாட்லாக் தையல் மெஷின்கள் எல்லாம் புதுசின் விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தன. காலியாகக் கிடந்த கட்டடத்துக்கு அட்வான்ஸ் குறைத்துப் பேச முடிந்தது. ரத்தான ஆர்டர்களின் துணி, ஸ்டாக் துணியாகக் கிலோக் கணக்கில் வெளியே வந்தது.

மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. பழைய மெஷின் பார்க்கப் போகும்போது கையோடு நூலும் நான்கைந்து துண்டுத் துணியும் கொண்டு போக வேண்டும். ஓவர்லாக்கில் நாமே நூல் கோத்து, இரண்டு மடிப்புத் துணியை வேகமாக ஓடவிட்டு, தையலை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். இடையிடையே தையல் விட்டுப் போயிருந்தால் நூலைக் கண்ணி போடுகிற லூப்பர் பக்கம் கோளாறு இருக்கும். டேபிளுக்கு அடியில் குனிந்து எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவருக்குக் கொடுக்கிற கூலி வீண் செலவே இல்லை. ஸ்டாக் துணியிலும் அப்படித்தான். ஒரே நீலம் என்று சொல்லி வைத்திருக்கிற ரோல்களை வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தால் ஷேடு மாறும். ஒரு ரோலில் முன்பக்கமும் இன்னொரு ரோலில் முதுகும் வெட்டிவிட்டால் அந்த டி-ஷர்ட்டை செகண்ட்ஸ், அதாவது குறையுள்ள சரக்கின், விலைக்குத்தான் தள்ள முடியும். ஒரு துண்டை வெட்டி, அளவெடுத்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்த பிறகுதான் நான் துணிக்குப் பணம் கொடுப்பேன்.

மலிவாகக் கிடைத்தாலும் ஆளின் கூலியில் கை வைக்காதீர்கள். வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருந்த நேரம் அது. கம்பெனி வண்டி ஓடாததால் பக்கத்துத் தெருக்களில் நல்ல டெய்லர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலை இல்லாமல் இருந்தார்கள். பாதிக் கூலிக்கு வைத்துக்கொள் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. நான் பழைய பீஸ் ரேட்டே, அதாவது ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று இருந்த கூலியையே, கொடுத்தேன். அன்றைக்கு வந்த அக்காமார்தான் இன்றும் என் யூனிட்டின் பலம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. அது ஒரு வாரம் தள்ளிப் போனால் திங்கட்கிழமை மெஷின் முன்னால் ஆள் இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை, அவர்கள் வீட்டிலும் அந்தப் பணத்தில்தான் அரிசி வாங்குகிறார்கள்.

மந்த காலத்தில் மலிவாகக் கிடைக்காத ஒன்று, நேரத்துக்கு வருகிற பணம். எல்லாருக்கும் கை இறுக்கம் என்பதால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப் போடுவார்கள். பெரிய கடைக்காரர் மொத்த வியாபாரியைத் தள்ளுவார், அவர் நம்மைத் தள்ளுவார். நாம் டெய்லரைத் தள்ள முடியாது. அதனால் கடைசியில் நிற்கிற சின்ன முதலாளியின் தலையில்தான் மொத்தச் சுமையும் இறங்கும்.

உங்கள் 3 லட்சத்தையே வைத்துக் கணக்குப் போடுவோம். கூலி, வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து வாரம் 25,000 ரூபாய் வெளியே போகிற ஒரு சின்ன யூனிட். வாங்குகிறவர் 90 நாள் கழித்துப் பணம் தருகிறார். 90 நாள் என்றால் ஏறக்குறைய 13 வாரம். முதல் ரூபாய் உள்ளே வருவதற்கு முன் நீங்கள் 3,25,000 ரூபாய் கொடுத்து முடித்திருப்பீர்கள். துணி, மெஷின் செலவெல்லாம் இதில் சேரவில்லை. ஆர்டர் குவிந்திருக்கும், தைத்த பீஸெல்லாம் விற்றிருக்கும், நோட்டில் லாபமும் தெரியும். ஆனாலும் 12ஆவது சனிக்கிழமையோடு கைப்பணம் தீர்ந்துவிடும்.

இதில் இன்னொரு சுமையும் உண்டு. ஜிஎஸ்டி பதிவு இருந்தால், பில் போட்ட மாதத்துக்கான வரியை, துணி, நூல் வாங்கும்போதே நாம் கொடுத்த உள்ளீட்டு வரி கழித்தது போக, அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். வாங்கியவர் உங்களுக்குப் பணம் தந்தாரா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் முதல் சரக்கை எங்கள் ஊர் மொத்தத் துணிச் சந்தையான காதர்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போனபோது ஒரு மொத்த வியாபாரி பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து ரிப்பை இழுத்துப் பார்த்தார், தோள் தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "மூணு மாசம்னா நீங்க சொன்ன ரேட்டே போட்டுக்கலாம். ரொக்கம்னா பீசுக்கு மூணு ரூபா கொறைச்சுக்கங்க தம்பி."

எனக்கு ஒரு பீஸ் 42 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனுக்கு 50, ரொக்கத்துக்கு 47. முதல் பார்வைக்கு 8 ரூபாய் லாபத்தை விட்டு 5 ரூபாய்க்கு இறங்குவது பெரிய நஷ்டமாகத் தெரியும். 1 லட்சம் ரூபாய்க்கு சுமார் 2,380 பீஸ் தைக்கலாம். கடனுக்குக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 19,040 ரூபாய் லாபம். ரொக்கத்துக்குக் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு 11,900தான். ஆனால் அதே 1 லட்சம் 15 நாளுக்கு ஒருமுறை திரும்பி வந்தால் மூன்று மாதத்தில் ஆறு சுற்று ஓடும். அவ்வளவு வேண்டாம், நான்கு சுற்றே ஓடட்டும், 47,600 ரூபாய். சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். நான் ரொக்கத்துக்கே கொடுத்தேன். இன்றும் புது ஆளுக்குக் கடன் கிடையாது. பழைய ஆட்களுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறேன், அதைத் தாண்டினால் பழைய பில் முடிந்த பிறகுதான் அடுத்த லோடு.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமானவரிச் சட்டத்திலும் 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கிற வருடத்தில்தான் வாங்கியவர் செலவாகக் கழிக்க முடியும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். நல்ல விதிகள், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. இந்தப் பதிவுக்கு உத்யம் என்று பெயர், அது இலவசம். அரசு இணையதளத்திலேயே ஆதாரும் பான் எண்ணும் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம், ஆயிரக்கணக்கில் கேட்கிற ஏஜெண்டிடம் போக வேண்டாம். ஆனால் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத சின்ன யூனிட், தனக்கு இருக்கிற ஒரே வாடிக்கையாளர்மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு எங்கே போகும்? சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிக் கடன் கொடுக்காதீர்கள்.

வங்கிக் கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோரில் 5 லட்சம் வரையும் அடமானம் இல்லாமல் கேட்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் உண்டு, ஆனால் அந்த மானியம் உங்கள் கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். அதனால் மானியத்தை நம்பித் துணி வாங்கவோ கூலி கொடுக்கவோ திட்டம் போடாதீர்கள். இப்போது என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். நகையை அடகு வைத்து மெஷின் வாங்கலாம், தேவைப்பட்டால் மெஷினை விற்று நகையை மீட்கலாம். சம்பளம் கொடுக்க நகையை வைக்காதீர்கள். மந்த காலத்தில் வீட்டுப் பெண்களின் நகை அப்படிப் போய்த் திரும்பாமலே போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனத்துப் போகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 3 லட்சம் என்கிறீர்கள். அதில் வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணத்தை முதலில் தனிக் கணக்கில் போடுங்கள். மாதம் 15,000 என்றால் 90,000. மீதி 2,10,000தான் உங்கள் முதல். கடை அட்வான்ஸ், போர்டு, அலமாரி, பெயிண்ட் எல்லாம் சேர்ந்து இதில் பாதியைத் தாண்டக் கூடாது.

துணிக்கடை இந்த நேரத்துக்கு வேண்டாம் என்பேன். ஒரு சட்டையில் நான்கு சைஸ், ஐந்து நிறம் வைத்தாலே 20 பீஸ். போகிற சைஸ் முதல் வாரத்தில் போய்விடும், மற்றது அடுத்த தீபாவளி வரை அலமாரியில் இருக்கும். தெரிந்தவர்கள் கடன் சொல்வார்கள், துணிக்கடையில் மறுக்கவும் முடியாது. துணிதான் வேண்டும் என்று மனசு சொன்னால், கடை எடுக்காமல் குழந்தைகள் துணி, நைட்டி, உள்ளாடை இந்த மூன்றை மட்டும் வாங்கி வாரச் சந்தையில் விற்றுப் பாருங்கள். கை இறுக்கமான நேரத்தில் பெரியவர்கள் தங்களுக்கு வாங்குவதைத் தள்ளிப் போடுவார்கள், வளர்கிற பிள்ளைக்குத் தள்ளிப் போட முடியாது.

டிபன் கடை உங்கள் நிலைமைக்கு நன்றாகப் பொருந்தும். காலையில் வாங்கிய அரிசி, உளுந்து, காய்கறிக்கு அன்று இரவே காசு வந்துவிடும். உணவுப் பாதுகாப்புப் பதிவை முதலிலேயே எடுத்துவிடுங்கள், சின்னக் கடைக்குக் கட்டணம் மிகக் குறைவு. சிலிண்டர் 19 கிலோ வணிக இணைப்பாகவே இருக்கட்டும். கம்பெனி ஆட்களுக்கு மாதக் கணக்கு நோட்டுப் போடச் சொல்லி முதல் வாரமே கேட்பார்கள். வாரக் கணக்கு மட்டும்தான், சனிக்கிழமை தீர்க்க வேண்டும் என்று சிரித்த முகமாகச் சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் போகட்டும். இடம் பார்க்கும்போது நான்கு மேசைக்கு மேல் போடுகிற கடை வேண்டாம். பார்சல் அதிகம் போகிற மாதிரி, ஷிப்ட் விடுகிற வழியில், ஆறு மாத வாடகைக்குள் அட்வான்ஸ் கேட்கிற இடமாகப் பாருங்கள். மாஸ்டர் வைக்காமல் உங்கள் வீட்டில் யாராவது தோசைக்கல் பக்கம் நிற்க முடியுமா என்பதையும் இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.